நாலாயிரம் ஸ்லைடுகள்

ஹப்சிகுடா, ஹைதராபாத்
9 ஜூன் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் அஸ்வினியும் அப்பாவும் சுகம். நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? மஸ்கட்டில் வெயில் ஆளை வாட்டுகிறதாமே. இங்கே இரண்டு மழை பெய்தும் புழுக்கம் போகவில்லை.

ஃபோனில் பேசாமல் மெயில் எழுதுகிறேனே என்று நினைக்காதே. நான் ஃபோனை எடுத்தாலே அப்பா பக்கத்தில் வந்து நின்றுவிடுகிறார். இதை அவர் இல்லாமல் பேச வேண்டும்.

போன மாதம் அம்மாவின் நான்காம் நினைவு நாள் ஜெபம் முடிந்த மறுநாள், அப்பா பீரோவைத் திறந்து ஸ்லைடு பெட்டிகள் அனைத்தையும் கூடத்தில் அடுக்கினார். உனக்கு நினைவிருக்கும், சின்ன அட்டைச் சட்டத்துக்குள் ஃபிலிம் வைத்து, சுவரில் பெரிதாகக் காட்டுவாரே, அவைதான். எண்ணிப் பார்த்தோம். நாலாயிரத்துச் சொச்சம். எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டுமாம், உடனே. எண்பத்தொரு வயதில் என்ன அவசரம் என்று தெரியவில்லை. காலையிலிருந்து கூடத்துக்கும் பால்கனிக்கும் நடக்கிறார். ஒரு ஸ்லைடை எடுத்து வெளிச்சத்தில் பிடிப்பார், வைப்பார், மறுபடி அதையே எடுப்பார். “ஏல, மெஷின் எப்பம் வரும்?” என்று ஒரு நாளைக்கு இருபது தடவை.

நான் பார்த்தவரை மூன்று வழி இருக்கிறது. கைக்கு அடக்கமான சின்ன ஸ்கேனர். ஒரு ஸ்லைடு மூன்று நொடி. ஜெராக்ஸ் மெஷின் போன்ற தட்டை ஸ்கேனர்; ஒரு தடவைக்குப் பன்னிரண்டு வைக்கலாம், ஆனால் மெதுவாகப் போகும். மூன்றாவது, ஃபிலிமுக்கென்றே செய்த பழைய ஸ்கேனர். இப்போது யாரும் தயாரிப்பதில்லை, பழசாகக் கிடைத்தால் உண்டு. நீ எதைச் சொல்கிறாய்?

இன்னொன்று. பாதிப் பெட்டிகளில் நாம் இருக்கிறோம். உன் முதல் நற்கருணை, நாகர்ஜுனசாகர் போனது, அம்மா தையல் மெஷினில். மீதிப் பாதி பட்டான்செரு தொழிற்சாலையில் அப்பா டாக்டராக இருந்தபோது எடுத்தவை. எல்லாம் கைகள். வெறும் கைகள், சில முதுகுகள். அவற்றையும் ஏற்ற வேண்டும் என்கிறார்.

அத்தானுக்கு என் அன்பு.

தம்பி,
தமிழ்ச்செல்வன்

●

மஸ்கட்
10 ஜூன் 2024

அன்புள்ள செல்வாவுக்கு,

கர்த்தர் கிருபையால் நலம். அத்தானுக்கு முட்டி வலி மட்டும் அப்படியே இருக்கிறது. அஸ்வினியின் சைனஸ் எப்படி?

நீ எதற்கு இவ்வளவு யோசிக்கிறாய்? சின்ன மெஷினையே வாங்கு. குடும்பப் படங்களை மட்டும் ஏற்று. ஒரு வாரத்தில் முடிந்துவிடும். தொழிற்சாலைப் பெட்டிகளை அப்பா தூங்கும்போது எடுத்துப் போட்டுவிடு. நாற்பது வருஷப் பூஞ்சணம், அவருடைய நெஞ்சுக்கும் ஆகாது. புண் பிடித்த கைகளைக் கம்ப்யூட்டரில் வைத்து யார் பார்க்கப்போகிறார்கள்?

அம்மா தையல் மெஷினில் இருக்கும் படத்தை எனக்கு முதலில் அனுப்பு.

அக்கா,
ஆக்னஸ்

●

ஹப்சிகுடா
23 ஜூன் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் மெயில் மறுநாளே வந்ததில் சந்தோஷம். அஸ்வினிக்குச் சைனஸ் தேவலை. அத்தானை வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்.

நீ சொன்னபடி சின்ன மெஷின் வாங்கினேன். அம்மா படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். நன்றாக இருப்பதாகத்தான் எனக்குத் தோன்றியது. அப்பா தன் கைப் படங்களில் ஒன்றைக் கொடுத்தார். ஸ்கேன் செய்து திரையில் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரையோடு ஒட்டிக்கொண்டு பார்த்தார். “இதுல மச்சமும் புண்ணும் ஒண்ணுபோல இருக்குல. இத வச்சு என்னத்த நிரூபிக்க?” என்றார். என்ன நிரூபிக்க வேண்டும் என்று கேட்டதற்குப் பால்கனிக்குப் போய்விட்டார். மெஷினைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

பெட்டிகளைத் தூக்கிப் போட வழியில்லை. இப்போது அவற்றின் பக்கத்தில்தான் பாய் விரித்துப் படுக்கிறார். ஒரு நோட்டில் ஸ்லைடு எண்களை எழுதி எதிரே ஆட்களின் பெயர் எழுதுகிறார். நாற்பத்தோரு பெயர். ‘நர்சிம்முலு’ என்ற பெயருக்கு எதிரே மட்டும் இருபத்தாறு எண்கள்.

எனக்கு அப்போது ஏழெட்டு வயது, எதுவும் தெரியாது. உனக்குப் பதின்மூன்று. அந்தத் தொழிற்சாலையில் என்ன நடந்தது, அக்கா? நர்சிம்முலு யார்?

தம்பி,
செல்வன்

●

மஸ்கட்
21 ஜூலை 2024

அன்புள்ள செல்வாவுக்கு,

எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பதில் தாமதம். பள்ளிக்கூடத்தில் விடுமுறைக்கு முந்தைய வேலை, பிறகு அத்தானின் சித்தப்பா வீட்டார் பத்து நாள் இருந்துவிட்டுப் போனார்கள். அவர்களுக்கு வேண்டியதைச் செய்யவே நேரம் சரியாக இருந்தது.

அம்மா படம் கிடைத்தது. பிரிண்ட் போட்டுச் சமையலறையில் வைத்திருக்கிறேன். அந்த மாம்பழக் கலர் புடவை எங்கே இருக்கிறது? அஸ்வினியிடம் இருந்தால் எனக்கு எடுத்து வைக்கச் சொல்.

அப்பாவை ஒரு நல்ல டாக்டரிடம் காட்டு. தூக்கம் குறைந்தால் இந்த வயதில் மனசு எங்கெங்கோ போகும். தட்டை ஸ்கேனர் போதும் என்று நினைக்கிறேன். இங்கே என்னுடன் வேலை பார்ப்பவர் அதில்தான் தன் மாமனார் ஆல்பத்தை ஏற்றினார்.

தொழிற்சாலை பற்றி எனக்கு எதுவும் நினைவில்லை.

அக்கா,
ஆக்னஸ்

●

ஹப்சிகுடா
5 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்பா இப்போது நன்றாக இருக்கிறார். பயப்படாதே.

ஆபீஸ் நண்பர் ஒருவரின் தட்டை ஸ்கேனரை இரவல் வாங்கி வந்தேன். பன்னிரண்டு வைத்தால் ஏழு தெளிவாக வருகிறது, ஐந்து மங்கல். சட்டத்துக்குள் ஃபிலிம் வளைந்து கண்ணாடியை விட்டு எழும்பி நிற்கிறது. நான் சட்டத்தைப் பிரித்து, நிமிர்த்தி, மறுபடி வைத்து, இரண்டு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. இதற்குள் மழை ஈரத்தில் பூஞ்சணம் பரவுகிறது. போன வாரம் ஓரத்தில் இருந்தது, இந்த வாரம் விரலைத் தொட்டுவிட்டது.

வெள்ளிக்கிழமை நான் ஆபீஸில் இருந்தபோது அஸ்வினி ஃபோன் செய்தாள். அப்பாவைக் காணோம். தார்நாக்கா வரை தேடினோம். நான்கு மணிக்குப் பட்டான்செருவிலிருந்து ஒரு ஷேர் ஆட்டோ டிரைவர் பேசினார். “பெரியவர் ஒருத்தர் கேட் முன்னாடி ரெண்டு மணி நேரமா நிக்கிறார், பையில உங்க நம்பர் இருந்துது” என்றார். நகரத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, இந்த வயதில், இரண்டு பஸ்ஸும் ஒரு ஆட்டோவும் மாறிப் போயிருக்கிறார். தொழிற்சாலை இப்போது இல்லை. ஏதோ சரக்குக் கிடங்கு. காவலாளி நாற்காலி போட்டும் உட்காரவில்லையாம். கையில் மஞ்சள் பை, அதற்குள் ஒரு ஸ்லைடு பெட்டி.

திரும்பி வரும்போது காரில், கேட்காமலே சொன்னார்.

அங்கே குரோம் உப்பு செய்யும் பிரிவு ஒன்று இருந்தது. அதில் நின்றவர்களின் கையில் முதலில் சின்னப் புள்ளி வரும், பிறகு குழி விழும், எலும்பு வரை போகும். மூக்குக்குள் நடுச்சுவர் ஓட்டையாகும். அப்பா ஒவ்வொன்றையும் படம் எடுத்தார். வேலையால் வந்த நோய் என்று ஒரு வரி எழுதியிருந்தால் அவர்களை வேறு பிரிவுக்கு மாற்றியே ஆக வேண்டும். மேனேஜர் கூப்பிட்டு, எழுதினால் பிரிவையே மூட வேண்டிவரும், உங்கள் வேலையும் போகும் என்றாராம்.

“நான் அலர்ஜின்னு எழுதினேன்ல. நாப்பத்தோரு பேருக்கும். களிம்பு கொடுத்து அதே எடத்துக்குத் திருப்பி அனுப்பினேன். நர்சிம்முலு மட்டும் விடல. திரும்பத் திரும்ப வந்தான். மூணு வருஷத்துல நெஞ்சு அடைச்சுச் செத்துப்போனான். முப்பத்தி நாலு வயசு.”

மியாப்பூரில் ஓரம் கட்டி நிறுத்தினேன். நம்மை இரவெல்லாம் மடியில் வைத்து ஆஸ்துமாவுக்கு ஆவி பிடிக்க வைத்த அப்பாதானே, அக்கா, இவர்?

உடனே எழுது.

தம்பி,
செல்வன்

●

ஹப்சிகுடா
1 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான்கு வாரமாகப் பதில் இல்லை. நேற்று அத்தானிடம் பேசினேன். நீ பள்ளிக்குப் போய் வருகிறாய், சுகமாக இருக்கிறாய் என்றார். பிறகு ஏன்?

ஸ்கேனர் வாங்கிவிட்டேன். கோட்டி பஜாரில் மூடப்போகும் ஒரு ஸ்டூடியோவில், ஃபிலிமுக்கென்றே செய்த பழைய மெஷின். கடைக்காரரிடம், மெஷினை விட்டுவிட்டு நாளைக்கு வரட்டுமா என்றேன். “நாளைக்கு நக்கோ சார், இன்னைக்கே எடுத்துட்டுப் போங்க, நாளைக்கு ஷட்டர் போட்டுருவேன்” என்றார். புதுக் கம்ப்யூட்டரில் அது ஓடாது, அதற்காகப் பழைய கம்ப்யூட்டர் ஒன்றும் தேட வேண்டியிருந்தது. ஒரு ஸ்லைடுக்கு நான்கு நிமிஷம். கணக்குப் போட்டால் தூங்காமல் பதினொரு நாள். ஆனால் ரேகை தெரிகிறது. குழியின் விளிம்பு தெரிகிறது. நகத்தில் ஒட்டிய மஞ்சள் தெரிகிறது. முதல் படத்தைப் பார்த்ததும் அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பல வாரங்களுக்குப் பிறகு ஒரே இடத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்ததைப் பார்த்தேன்.

ஒவ்வொருவருக்கும் உண்மையான நோயின் பெயரை இப்போது எழுதிக் கையெழுத்துப் போடுகிறார். படத்தோடு சேர்த்துக் குடும்பத்தாரிடம் கொடுக்க வேண்டுமாம். முதலில் நர்சிம்முலு வீடு. அவர் மனைவி மல்லாபூரில் மகளோடு இருப்பதாக அந்தக் காவலாளி விசாரித்துச் சொன்னார். போகலாமா, அக்கா? எனக்குத் தைரியம் வரவில்லை.

தம்பி,
செல்வன்

●

மஸ்கட்
14 செப்டம்பர் 2024

செல்வா,

நீங்கள் மூவரும் சுகமாக இருக்க வேண்டும் என்று ஜெபிக்கிறேன்.

நினைவில்லை என்று எழுதியது பொய்.

1991. ஆகஸ்ட் என்று நினைக்கிறேன், மழைக்காலம். நர்சிம்முலு நம் வீட்டுக்கு மூன்று தடவை வந்தார். பட்டான்செருவிலிருந்து பஸ் மாறி மாறி. முதல் தடவை அப்பா வாசலிலேயே நின்று ஏதோ பேசி அனுப்பினார். இரண்டாம் தடவை கேட்டிலிருந்து அவர் வருவதைப் பார்த்ததும் அப்பா உள் அறைக்குப் போய், “பாப்பா, அப்பா இல்லைன்னு சொல்லு” என்றார். சொன்னேன். மூன்றாம் தடவை அப்பா எதுவும் சொல்லவில்லை. என்னைப் பார்த்தார், உள்ளே போனார். நானாகவே வாசலுக்குப் போய் “நான்ன இன்ட்லோ லேரு”, அப்பா வீட்டில் இல்லை, என்று தெலுங்கில் சொன்னேன். அன்றைக்கு அவருடைய மனைவியும் வந்திருந்தாள், இடுப்பில் குழந்தை. அவர் கையில் துணி சுற்றியிருந்தது. என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பினார். தண்ணீர் வேண்டுமா என்றுகூட நான் கேட்கவில்லை.

அம்மாவுக்குத் தெரியாது. அத்தானுக்கு நேற்றுதான் சொன்னேன். உன்னுடைய ஆகஸ்ட் மெயிலை வைத்துக்கொண்டு எத்தனை நாள் உட்கார்ந்திருந்தேன் என்று அவரைக் கேள். முப்பத்து நாலு வயசு என்று நீ எழுதும்வரை நர்சிம்முலு இறந்தது எனக்குத் தெரியாது. எங்கேயோ இருக்கிறார், கை ஆறியிருக்கும் என்று வைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெட்டிகளைத் தூக்கிப் போடு என்று சொன்னது அப்பாவின் நெஞ்சுக்காக அல்ல.

போய் வா.

ஆக்னஸ்

●

ஹப்சிகுடா
6 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை அப்பாவிடம் காட்டவில்லை. எனக்கு என்ன எழுதுவது என்றும் தெரியவில்லை. வீட்டில் வழக்கமான சுகம்.

நேற்று போனோம். மல்லாபூரில் தொழிற்சாலைகளுக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு. நர்சிம்முலுவின் மனைவி பெயர் எல்லம்மா. மகள் ஸ்வப்னா பக்கத்தில் பேக்கிங் கம்பெனியில் வேலை. அப்பா தன் பெயரைச் சொன்னதும் எல்லம்மா எழுந்து நின்றாள். நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அப்பா உட்காரவில்லை. நின்றுகொண்டே, அலர்ஜி என்று தான் எழுதியது பொய், வேலையால் வந்த நோய்தான், தன்னால்தான் நர்சிம்முலு அதே இடத்தில் நிற்க வேண்டிவந்தது என்று தெலுங்கில் சொன்னார். காகிதத்தையும் இருபத்தாறு படங்களையும் கொடுத்தார்.

அவள் காகிதத்தை மகளிடம் கொடுத்துவிட்டுப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இடது கை, வலது கை, மணிக்கட்டு, மறுபடி இடது கை. ஒன்றில் மட்டும் மோதிரம் இருந்தது, அதை விரலால் தொட்டாள். கடைசிவரை பார்த்துவிட்டு, படக் கட்டைத் திருப்பி மறுபடி முதலிலிருந்து பார்த்தாள். பிறகு கேட்டாள். அவள் தெலுங்கில் கேட்டதைத் தமிழில் எழுதுகிறேன்.

“முகம் இருக்கிற படம் ஒண்ணுகூட இல்லையா சார்?”

அவர்களிடம் ஒரே ஒரு கல்யாணப் படம் இருந்ததாம். 2000-ல் வந்த வெள்ளத்தில் போய்விட்டது. ஸ்வப்னாவுக்குத் தன் அப்பா முகமே தெரியாது.

வீட்டுக்கு வந்ததிலிருந்து நம் அப்பா பெட்டிகளைக் கலைத்துப் போட்டுத் தேடுகிறார். எங்கும் கைதான். “மூஞ்சிய எடுக்கணும்னு எனக்குத் தோணவே இல்லையேல” என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். மறுபடி நடை ஆரம்பித்துவிட்டது.

தம்பி,
செல்வன்

●

மஸ்கட்
6 அக்டோபர் 2024, இரவு

செல்வா,

நலம் விசாரிப்பது பிறகு. தொழிற்சாலைப் பெட்டிகளில் தேடாதே. நம் பெட்டிகளில் தேடு. எனக்கு எட்டு வயதிருக்கும்போது தசராவுக்குத் தொழிற்சாலையில் ஆயுத பூஜை. அப்பா என்னை மட்டும் கூட்டிப்போனார். அம்மா தைத்த வெள்ளை ஃப்ராக். பாய்லருக்கு மாலை போட்டிருந்தார்கள். அதன் முன்னால் என்னை நிற்க வைத்து அப்பா படம் எடுத்தார். பின்னால் தொழிலாளிகள் கும்பலாக நின்றார்கள். நர்சிம்முலு வேலைக்குச் சேர்ந்த புதுசு. எனக்குப் பூந்தி கொடுத்தது அவர்தான். அந்தக் கும்பலில் இருப்பார். அவரை எனக்குத் தெரியும், காட்டு, சொல்கிறேன்.

ஆக்னஸ்

●

ஹப்சிகுடா
20 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம்தான். அப்பா ஆறு மணி நேரம் தூங்குகிறார்.

நீ வாட்ஸப்பில் வட்டம் போட்டுக் காட்டிய இடம் சரி. கடைசி வரிசை, இடமிருந்து மூன்றாவது. ஸ்லைடில் அந்த முகம் கடுகளவு. அந்தச் சின்ன மெஷினில் ஏற்றியிருந்தால் இரண்டு புள்ளி தெரிந்திருக்கும். இந்த மெஷினில் ஆகப் பெரிய அளவில் வைத்து மூன்று தடவை ஓட்டினேன். தலையில் கைக்குட்டை கட்டியிருக்கிறார். சிரிக்கப்போகிற மாதிரி வாய். காது கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. முகத்தைத் தனியாகவும், முழுப் படத்தை இன்னொன்றாகவும் பிரிண்ட் போட்டு எடுத்துப் போனோம்.

எல்லம்மா படத்தை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். பிறகு, “எவ்வளவு சின்னப் பையனா இருக்காரு, எனக்கு இப்ப அறுபத்திரண்டு” என்று சொல்லிச் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். ஸ்வப்னா படத்தைப் பார்த்தபடி தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

முழுப் படத்தில் உன்னைப் பார்த்துவிட்டு எல்லம்மா, “டாக்டர் சார் பாப்பாதானே? வாசலுக்கு வந்து அப்பா இல்லைன்னு சொல்லிச்சே, அந்தப் பாப்பா?” என்றாள். இதை உனக்கு எழுதலாமா கூடாதா என்று ஒரு வாரமாக அலைக்கழிந்தேன். எழுதிவிடுகிறேன்.

“சாரோட செருப்பு வாசல்லதான் கிடந்துச்சு. நானும் பார்த்தேன், அவரும் பார்த்தாரு. நான் சத்தம் போடப் போனேன். அவருதான் என் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தாரு. ‘சின்னப் புள்ள, மூஞ்சி எப்படி நடுங்குது பாரு, அது கிட்ட என்னத்தக் கேக்கிறது’ன்னாரு. பஸ் ஸ்டாப் வரைக்கும் அதையேதான் சொல்லிக்கிட்டு வந்தாரு.”

அப்பா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். எல்லம்மா அவரைத் தூக்கவும் இல்லை, மன்னித்தேன் என்று சொல்லவும் இல்லை. “உங்களை நான் சும்மா விடல சார், தினமும் வஞ்சிருக்கேன்” என்றாள். “மத்தவங்க வீட்டுக்கும் போங்க. நாற்பது வீடு இருக்கில்ல” என்றாள். எங்கள் இருவருக்கும் டீ கொடுத்தாள்.

இதுவரை ஏழு வீடு கண்டுபிடித்திருக்கிறோம். தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்துக்கும் ஒரு பிரதி அனுப்பியாயிற்று.

அப்பா உனக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். உன் செப்டம்பர் கடிதத்தை அன்று இரவு அவரிடம் காட்டிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. அவர் எழுதியதைப் படம் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன்.

தம்பி,
செல்வன்

●

அன்பு மகள் ஆக்னஸுக்கு,

அப்பா எழுதுவது. வயதாகிவிட்டது, எழுத்து கோணலாக இருக்கும்.

மூன்றாம் தடவை நான் உன்னிடம் எதுவும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறாய். சொல்லாமலே நீ செய்வாய் என்று தெரிந்துதான் சொல்லாமல் உள்ளே போனேன். அதுதான் இன்னும் கேவலம். அந்தப் பொய் என்னுடையது. பதின்மூன்று வயதுப் பிள்ளையின் வாயில் அதை வைத்தேன். முப்பத்து மூன்று வருஷம் நீ அதைச் சுமந்தது எனக்குத் தெரியாமல் இல்லை. அதன்பிறகு நீ வாசலில் யார் வந்தாலும் திறக்கப் போகாததை நான் பார்த்தேன். பார்த்தும் கேட்கவில்லை.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். நீ உடனே பதில் எழுத வேண்டாம்.

அப்பா,
ஃபெலிக்ஸ்

●

மஸ்கட்
23 அக்டோபர் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள், செல்வன், அஸ்வினி எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். எனக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல் போல் இருந்தது, இன்று பரவாயில்லை.

கோபம் இருக்கிறது அப்பா. இல்லை என்று எழுத வரவில்லை.

டிசம்பர் 19 காலை வருகிறேன். அத்தானுக்கு லீவு இல்லை, நான் மட்டும். முதல் நாளே மல்லாபூர் போக வேண்டும். நீங்கள் வர வேண்டாம், செல்வன் வழி காட்டினால் போதும். நான் வருவதை எல்லம்மாவிடம் முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள். கதவைத் தட்டி, நான் யார் என்று நானே சொல்கிறேன்.

இன்னும் எத்தனை ஸ்லைடு பாக்கி? லீவு முழுக்க மெஷின் பக்கத்தில் நான் உட்காருகிறேன். நீங்கள் கொஞ்சம் படுங்கள்.

மகள்,
ஆக்னஸ்